எந்த வரியில் நின்றது?

மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலாகப் பௌதிகமும், ஆசிரியர் பற்றாக்குறை நேர்ந்த வருஷங்களில் அதனுடன் கணிதமும் கற்பித்தவன் என்ற முறையில், "சார், இந்தக் கணக்கு வரலை" என்னும் வாக்கியத்தை நான் கேட்ட தடவைகளுக்கு அளவில்லை. வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் நடக்கையிலும், மிதிவண்டி நிறுத்தும் கொட்டகையிலும், ஒரு முறை கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன் அமர்ந்திருந்தபோதும்கூட அந்த வாக்கியம் என்னைத் தேடி வந்திருக்கிறது. பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கடினமான கணக்கோடு தனியே மல்லாடும் பிள்ளைக்கு எவ்வகை உதவி கிடைக்கிறது, எவ்வகை உதவி கிடைக்க வேண்டும், கிடைக்கும் உதவியில் எது அவனை வளர்க்கிறது, எது அவனை அறியாமலே முடமாக்குகிறது என்னும் விஷயத்தை ஆதியோடந்தமாக ஆராய்ந்து பார்க்க வேண்டுமென்று நெடுநாளாக எனக்கிருந்த ஆசையே இக்கட்டுரைக்குக் காரணம்.

அந்தச் சிறிய வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கஷ்டங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை நான் ஆசிரியத் தொழிலில் இறங்கிச் சில வருஷங்கள் கழித்தே உணர்ந்தேன். ஒருவனுக்கு வினாவின் வாசகமே விளங்கியிராது; 'மெதுவாக விடப்படுகிறது' என்றால் ஆரம்ப வேகம் பூஜ்யம் என்று பொருள்படும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மற்றொருவனுக்கு வாசகம் விளங்கும். படம் போட வராது. மூன்றாமவன் படத்தை அழகாக வரைந்து, பொருந்தாத விதியை அதன்மேல் ஏற்றியிருப்பான். நான்காமவனுக்கு விதியும் சரி, சமன்பாடும் சரி. ஐந்தாவது வரியில் ஒரு கழித்தல் குறி கூட்டல் குறியாக மாறிப்போயிருக்கும். இந்த நால்வரும் உச்சரிப்பது ஒரே வாக்கியம்தான். ஆகவே நால்வருக்கும் ஒரே மருந்தாகக் கரும்பலகையில் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிற ஆசிரியர், நாலாமவனுக்கு வேண்டாததைச் சொல்லிப் பொழுதைப் போக்குகிறார்; முதலாமவனுக்கு வேண்டியதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். பிற்காலத்தில் நான், கணக்கு வரவில்லை என்று வந்து நிற்கும் பிள்ளையிடம், "எந்த வரியில் நின்றது?" என்று கேட்பதையே முதற்கடமையாக வைத்துக்கொண்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவன் சில வரிகளாவது எழுதியிருக்க வேண்டும் அல்லவா?

இவை தவிர ஐந்தாவது வகை ஒன்றுண்டு. அதைப் பற்றிப் பேசுவார் குறைவு. கணக்கு உண்மையில் வந்துவிட்டிருக்கும். புத்தகத்தின் பின்பக்கத்து விடையோடு மட்டும் ஒத்துப்போகாது. நான் மாணாக்கனாயிருந்தபோது, சுழலும் தட்டு ஒன்றைப் பற்றிய கணக்கில் இரண்டு இரவுகளைச் செலவிட்டு, என் விடை புத்தக விடையின் இருமடங்காக வருவதைக் கண்டு, எனக்குப் பௌதிகமே லபிக்காது என்று தீர்மானித்திருந்தேன். மூன்றாம் நாள் எங்கள் உபாத்தியாயர் என் நோட்டை ஒருமுறை பார்த்து, "அச்சுப் பிழையப்பா, நீ போட்டதுதான் சரி" என்று கூறிய அந்தக் கணத்தில் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை இன்றும் மறக்கவில்லை. கேட்க ஓர் ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்த மூன்றாம் நாள் வருவதேயில்லை. இந்தப் பிரச்சினையின் வேதனை முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

உதவி செய்யும் முறைகளின் தாரதம்மியத்தை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். வழவழப்பான தரையின்மேல் ஓர் ஆப்பு கிடக்கிறது. அதன் சாய்ந்த பக்கத்தில் ஒரு கட்டை சறுக்கி இறங்குகிறது. உராய்வு என்பது எங்குமே இல்லை. ஆப்பும் கட்டையும் ஒரே நிறையுள்ளவை. சாய்வு 45 பாகை. கட்டையை ஆப்பு தாங்கும் செங்குத்து விசை எவ்வளவு? நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் சற்றும் தயங்காமல், கட்டையின் எடையை 45 பாகையின் கோசைனால் பெருக்கி, எடையில் ஏறத்தாழ 0.71 பங்கு என்று எழுதிவிடுவார்கள். சரியான விடையோ அதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது எடையில் சுமார் 0.47 பங்கு. இப்போது ஆசிரியர் மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்யலாம். பத்து வரிகளில் கணக்கை முழுமையாகப் போட்டுக் கொடுக்கலாம். பையன் பிரதி செய்துகொண்டு நன்றியோடு போய்விடுவான். "ஆப்போடு சேர்ந்து நகர்பவனாக உன்னைப் பாவித்துக்கொண்டு போலி விசையைச் சேர்" என்று வழியை மட்டும் சொல்லலாம். அவன் கணக்கை முடித்துவிடுவான், ஆனால் அந்த வழியை எப்போது நினைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமலே போகும். மூன்றாவதாக, "தம்பி, கட்டை இறங்கும்போது ஆப்பு சும்மா இருக்குமா?" என்று மட்டும் கேட்கலாம்.

நான் அப்படிக் கேட்ட ஒரு பையன், தன் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து மேஜைமேல் நிமிர்த்திப் பிடித்து, ரப்பர் துண்டை அதன் சரிவில் விரலால் அழுத்தித் தள்ளிப் பார்த்தான். மூலைமட்டம் பின்னால் நழுவியது. "பின்னாலே போகுது சார்" என்றான். அதற்கப்பால் நான் வாய் திறக்கவேயில்லை. அரைமணி நேரத்தில் இரண்டு தடவை அடித்துவிட்டு எழுதி, மூன்றாம் தடவை சரியான விடையோடு வந்தான். வந்தவனிடம், "ஆப்பு இந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்தளவு கனமாக இருந்தால் உன் விடை என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவன் தான் கண்ட சூத்திரத்தில் ஆப்பின் நிறையை மிகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, முதலில் எழுதி அடித்துவிட்ட அந்தப் பழைய விடையே திரும்பி வந்து நின்றது. தன் பிழை வெறும் பிழையன்று, ஆப்பு நகராமல் பதிந்திருக்கும் வேறொரு கணக்கின் சரியான விடையே அது என்று தெரிந்துகொண்டபோது அவன் முகத்தில் தோன்றிய பிரகாசத்தைப் பத்து வரிப் பிரதியால் ஒருநாளும் உண்டாக்கியிருக்க முடியாது.

இது என் சொந்த அனுபவம் மட்டுமன்று; இத்துறையில் நடந்த ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இத்திசையையே சுட்டுகின்றன. அமெரிக்க நாட்டில் மிஷலீன் சி என்னும் அம்மையாரும், ஃபெல்டோவிச், கிளேசர் என்னும் இருவரும் 1981-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், பௌதிகப் பாடநூலிலிருந்து 24 கணக்குகளை எடுத்துத் தனித்தனி அட்டைகளில் எழுதி, முதுநிலை ஆய்வு மாணவர் எண்மரிடமும் கல்லூரியில் அப்போதுதான் இயக்கவியல் படித்து முடித்த எண்மரிடமும் கொடுத்து, இனம் பிரிக்கச் சொன்னார்கள். இளையவர்கள் சாய்தளக் கணக்குகளை ஒரு குவியலாகவும், சுருள்வில் கணக்குகளை ஒரு குவியலாகவும் கண்ணுக்குத் தெரிந்த சாமான்களைக் கொண்டு பிரித்தார்கள். தேர்ந்தவர்களோ, சாய்தளம் ஒன்றையும் சுருள்வில் ஒன்றையும் சேர்த்து, இவை ஆற்றல் அழிவின்மைக் கணக்குகள் என்று விதியைக் கொண்டு பிரித்தார்கள். நம் பிள்ளை "சாய்தளக் கணக்கு வரவில்லை" என்று வந்து நிற்கும்போதே அவன் எங்கே நிற்கிறான் என்பது இதனால் தெரிகிறது; சாய்தளத்தை மேலும் மேலும் காட்டிக்கொண்டே போவதால் அவன் அவ்விடத்தை விட்டு நகரப்போவதில்லை.

ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் ஒருமுகமாகப் பேசுகிறார்கள் என்று எண்ணிவிடலாகாது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-ல், இயற்கணிதம் கற்கும் பிள்ளைகளில் ஒரு சாராருக்குச் செய்துகாட்டிய கணக்குகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, மற்றொரு சாராரைத் தாமே கணக்குகளோடு போராடச் சொன்னபோது, முன்னவர்களே குறைந்த நேரத்தில் குறைந்த பிழையோடு அதே ஜாதிக் கணக்குகளைப் போட்டார்கள் என்று கண்டார்கள். ஆயினும் வேறு ஜாதிக் கணக்கு வந்தபோது அந்த மேன்மை தென்படவில்லை என்பதையும் அவர்களே கூறியிருக்கிறார்கள். இதற்கு எதிர்முனையில் நிற்பவர் மனு கபூர். அவர் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நம் நாட்டுப் பதினோராம் வகுப்பு மாணாக்கர் 309 பேரைக் கொண்டு, நியூட்டனின் இயக்கவியலிலேயே நடந்தது. ஒழுங்காக வரையறுக்கப்படாத கடினமான கணக்குகளோடு உதவியின்றிக் குழுவாக மோதித் தோற்ற பிள்ளைகள், அடுத்து வந்த தனித் தேர்வில் ஒழுங்காக வரையறுக்கப்பட்ட கணக்குகளிலிருந்து தொடங்கிய மற்றவர்களை விஞ்சினார்கள் என்று அதில் காட்டினார்.

முரண்போல் தோன்றும் இவ்விரண்டையும் இணைக்கும் பாலம், 1989-ல் அதே மிஷலீன் சி அம்மையாரும் சகாக்களும் செய்த மற்றோர் ஆராய்ச்சியில் கிடைக்கிறது. செய்துகாட்டிய பௌதிகக் கணக்குகளைப் படிக்கும்போது மாணவர்கள் வாய்விட்டுச் சொன்னவற்றையெல்லாம் அவர்கள் பதிவு செய்தார்கள். பின்னால் நன்றாகக் கணக்குப் போட்டவர்கள், ஒவ்வொரு வரியிலும் நின்று, இது ஏன் வந்தது, இந்த விசை ஏன் இங்கே எழுதப்படவில்லை என்று தமக்குத் தாமே விளக்கம் சொல்லிக்கொண்டே படித்தவர்கள். பின்தங்கியவர்கள் அதே பக்கங்களைப் படித்துவிட்டு, விளங்கிவிட்டது என்று சொல்லி அப்பால் சென்றவர்கள். ஆகவே செய்துகாட்டிய கணக்கு நல்லதா, தானே போராடுவது நல்லதா என்பது சரியான கேள்வியாகாது. அடிப்படையே தெரியாதவனுக்கு முதலில் சில கணக்குகளைச் செய்துகாட்டித்தான் ஆக வேண்டும். ஒன்றும் அறியாதவனைப் போராடவிடுவது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவதற்குச் சமம். ஆனால் காட்டிய ஒவ்வொரு வரிக்கும் அவனிடமிருந்து காரணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுவிட வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த ஜார்ஜ் போல்யா, கணக்குத் தீர்க்கும் முறையைப் பற்றி 1945-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் ஆசிரியருக்கு முதன்முதலாகச் சொல்லும் புத்திமதியும் இதுவே: உதவி அதிகமாகவும் கூடாது, குறைவாகவும் கூடாது, வேலையில் நியாயமான பங்கு மாணாக்கனுடையதாக இருக்க வேண்டும்.

இனிப் புத்தகங்களைப் பார்ப்போம். அருகில் ஆளில்லாதவனுக்கு உபாத்தியாயராக வருவது புத்தகமே. இங்கிலாந்தில் மாணவர்களைக் கணிதப் பரீட்சைக்குத் தயார் செய்யும் தனிப்பயிற்சி ஆசிரியராயிருந்த ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர், தம் தொழிலின் தேவைக்காக ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களைத் தொகுத்து 1880-களில் வெளியிட்ட நூல், 1903 வாக்கில் கும்பகோணத்தில் ராமாநுஜன் கைக்கு வந்தது என்பது பிரசித்தமான சரித்திரம். அந்நூலில் நிரூபணங்கள் பெரும்பாலும் ஒரு குறிப்போடு நின்றுவிடும். மீதியை வாசிப்பவன்தான் கட்டிக்கொள்ள வேண்டும். ராமாநுஜன் கட்டிக்கொண்டார். ஆனால் இதிலிருந்து, குறைந்த உதவியே சிறந்த உதவி என்று பொதுவிதி வகுப்பவர்கள், ஒரு மகாமேதையின் பசியைக் கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு அளப்பவர்களாவார்கள். அதே ராமாநுஜன் கல்லூரிப் பரீட்சையில் மற்றப் பாடங்களில் தேறாமல், உபகாரச் சம்பளத்தையும் இழந்து அலைந்தார் என்பதையும் மறந்துவிடலாகாது. அவருக்கும் தக்க துணை அப்போது கிட்டியிருக்கவில்லை.

நம் பிள்ளைகள் கையில் இன்று தவழ்வது காரின் நூலுக்கு நேர்மாறான கைடுகள். பாடநூலின் 'புக் பேக்' வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் அவற்றில் முழு விடை உண்டு. அவற்றை நான் அடியோடு வெறுப்பவனல்லேன். ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அவை செய்த உபகாரத்தை நேரில் அறிவேன். ஆயினும் அவற்றின் ஆபத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் வரையறுத்த தொகைக் கணக்கு ஒன்றுண்டு: மேலே சைனின் வர்க்கமூலம், கீழே சைன், கோசைன் இரண்டின் வர்க்கமூலங்களின் கூடுதல், எல்லை பூஜ்யம் முதல் பையின் பாதி வரை. எல்லைகளின் கூடுதலிலிருந்து மாறியைக் கழித்து அதனிடத்தில் வைத்தால் சைன் கோசைனாகும், கோசைன் சைனாகும். பழைய தொகையையும் புதிய தொகையையும் கூட்டினால் மேலும் கீழும் ஒன்றாகிவிடும். எனவே எல்லைகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் பாதியே விடை, அதாவது பையின் நாலில் ஒரு பங்கு. எத்தனை லட்சணமான யுக்தி! கைடில் இது மூன்றே வரி. மூன்று வரியையும் நெட்டுருப் போட்டு வந்த வகுப்பில் நான் எல்லைகளை மட்டும் பையின் ஆறில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை என்று மாற்றிக் கொடுத்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் பையின் நாலில் ஒன்று என்றே எழுதியிருந்தார்கள். விடை பன்னிரண்டில் ஒன்று. யுக்தியின் உயிர் எல்லைகளின் கூடுதலில் இருக்கிறது என்பதைக் கைடு சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

காருக்கும் கைடுக்கும் நடுவில் நின்ற நூல்கள் சில நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக வழங்கியிருக்கின்றன. ஹாலும் நைட்டும் எழுதிய இயற்கணிதமும், லோனியின் திரிகோண கணிதமும் சென்ற நூற்றாண்டுக்கு முந்தியவை. ராமாநுஜனே சிறுவனாயிருக்கையில் லோனியைக் கற்றுத் தேர்ந்தவர். சோவியத் நாட்டு மீர் பதிப்பக நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் கடைகளில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்த காலம் ஒன்றிருந்தது. இரோதோவின் நூலில் ஏறத்தாழ இரண்டாயிரம் பௌதிகக் கணக்குகள். பின்னால் விடையும், மிகக் கடினமானவற்றுக்கு மட்டும் சிறு குறிப்பும் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய எச்.சி. வர்மாவின் பௌதிக நூல் 1992-ல் வெளிவந்து, முதலில் விளக்கம், பிறகு செய்துகாட்டிய கணக்கு, பிறகு விடை மட்டும் கொடுத்த பயிற்சி என்று படிப்படியாகக் கையை விடுவதால், தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு நான் முதலில் சிபாரிசு செய்யும் புத்தகம் அதுவாகவே இருந்து வந்திருக்கிறது.

ஆனால் இந்த நூல்களைத் தமிழ்வழியில் பயிலும் பிள்ளையிடம் கொடுக்கும்போதெல்லாம் என் கை கூசியிருக்கிறது. அவன் எதிர்கொள்வது ஒரு கஷ்டமன்று, இரண்டு. பாஷை என்னும் முதல் மதிலைத் தாண்டினால்தான் கணக்கு என்னும் இரண்டாவது மதிலைக் கண்ணாலேனும் பார்க்க முடியும். பெரல்மானின் பொழுதுபோக்குப் பௌதிகத்தை மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சிட்டு அனுப்பினார்கள். கடினக் கணக்குகளின் நூல்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. பரிபாஷைச் சொற்களிலும் ஒருமைப்பாடில்லை. இங்கே நாம் முடுக்கம் என்பதை யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஆர்முடுகல் என்று படிக்கிறான். நம் இயற்பியல் அவனுக்குப் பௌதிகவியல். உயர்தரப் பரீட்சைக்காக இலங்கையில் தமிழிலேயே இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்பிக்கப்பட்டு, கடந்தகால வினாத்தாள்களுக்கு விடையெழுதிப் பழகும் வழக்கம் வேரூன்றியிருப்பதால், கடினமான கணக்கைப் பற்றித் தமிழில் வாதிக்கும் மரபு அங்கே உயிரோடிருக்கிறது. கடலுக்கு அப்பால் இருக்கும் அந்தச் செல்வம் நம் பிள்ளைகளுக்குப் பயன்படாமல் போவது சொற்பேதம் என்னும் அற்பக் காரணத்தால்தான் என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

உதவியின் மற்றொரு வடிவம் பத்திரிகை. டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயர் 1907-ல் தோற்றுவித்த இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில், வாசகர்கள் கணக்குகளை அனுப்பவும், பிறர் அனுப்பியவற்றைத் தீர்க்கவும் இடமிருந்தது. 1911-ல் ராமாநுஜன் அதில் ஒரு வினாவை விடுத்தார்: ஒன்றோடு, இரண்டு மடங்கு மற்றொரு வர்க்கமூலத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அந்த உள் வர்க்கமூலமோ, ஒன்றோடு மூன்று மடங்கு இன்னொன்று, இப்படி முடிவின்றிப் போனால் மதிப்பு என்ன? மாதங்கள் கடந்தும் விடை வராமற்போகவே அவரே சொன்னார், விடை 3. அதன் இரகசியத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் காட்டலாம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1-உம் 8-உம். 8 என்பது 2 தடவை 4. 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1-உம் 15-உம். 15 என்பது 3 தடவை 5. 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1-உம் 24-உம். 24 என்பது 4 தடவை 6. இவ்வாறு தாளில் எழுதிக்கொண்டே போகும் பிள்ளை, நாலாவது வரியில் தானாகவே பென்சிலை வாங்கிக்கொள்ளும்.

ஹங்கேரியில் இதையே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செய்தார்கள். டானியல் அராணி என்னும் பள்ளி ஆசிரியர் 1894-ல் ஜ்யோர் நகரில் தொடங்கிய மாதப் பத்திரிகை ஒவ்வோர் இதழிலும் கணக்குகளை வெளியிடும். எந்த ஊர்ப் பிள்ளையும் தீர்த்து அனுப்பலாம். சிறந்த விடை, அனுப்பியவரின் பெயரோடும் பள்ளியின் பெயரோடும் அச்சாகும். பின்னால் உலகப் புகழ்பெற்ற பால் ஏர்டிஷ் சிறுவனாக இருந்தபோது அதில் கணக்குத் தீர்த்தவர்தான். நம் தமிழகத்திலும் பி.கே. ஸ்ரீநிவாசன் போன்ற ஆசிரியர்கள் கணிதத்தைப் பிள்ளைகளின் உல்லாசமாக்கப் பாடுபட்டார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965 முதல் உழைத்து வருகிறது. ஆனால் மேல்நிலை வகுப்புப் பிள்ளை தமிழில் தீர்வு எழுதி அனுப்பி, அதன் குறைநிறையைத் திரும்பப் பெறுவதற்கு ஏற்ற ஒரு மாதப் பத்திரிகை நமக்கு இன்றளவும் பெருங்குறையே.

டியூஷனைப் பற்றிப் பேசாமல் இவ்விஷயம் பூர்த்தியாகாது. தனி ஆசிரியரிடம் பயின்ற சராசரி மாணாக்கன், வகுப்பில் பயின்றவர்களில் நூற்றுக்கு 98 பேரை விஞ்சினான் என்று பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதியது கல்வியுலகையே திடுக்கிடச் செய்தது. பின்வந்தவர்கள் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லையென்று கண்டார்கள். அவர்களுள் கர்ட் வான்லேன் 2011-ல் பல ஆராய்ச்சிகளைத் திரட்டி ஒப்புநோக்கி வெளியிட்ட முடிவு என் மனத்துக்கு மிகவும் உகந்தது. விடையை மட்டும் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்லும் பயிற்சியால் விளையும் பயன், கணக்கின் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் பயிற்சியால் விளையும் பயனில் பாதிகூட இல்லை. படிப்படியாகத் திருத்துவது யந்திரமே ஆயினும், மனித ஆசிரியருக்கு ஏறக்குறைய ஈடாகிறது. ஆக, டியூஷனின் மேன்மை ஒருவருக்கு ஒருவர் என்பதில் அன்று, வரிக்கு வரி என்பதில் இருக்கிறது. எண்பது பிள்ளைகளை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் விடை சொல்லும் இடத்தை டியூஷன் என்றாலும், யாழ்ப்பாணத்து வழக்கில் ரியூட்டறி என்றாலும், அது மற்றுமொரு வகுப்பே.

பரீட்சை எப்படியோ, உதவியும் அப்படியே அமைகிறது. பயிற்சி பெற வசதியற்ற கிராமத்துப் பிள்ளைகள் பின்தள்ளப்படுகிறார்கள் என்னும் காரணத்தால் தமிழகத்தில் 2006-ல் சட்டமியற்றித் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கினார்கள். மருத்துவத்துக்கு நீட் வந்தபின் அந்தப் பழைய கேள்வியே திரும்பவும் எழுந்தது. நீட் தேர்வின் 180 வினாக்களில் 45 பௌதிகம். ஒன்றுக்கு ஒரு நிமிஷம்தான் கிடைக்கும் என்ற நிலையில், ஆப்பு நகருமா என்று மூலைமட்டத்தை வைத்துத் தள்ளிப் பார்க்க யாருக்கு அவகாசம்? அங்கே விலைபோவது ஷார்ட்கட். அதற்காகப் பிள்ளையை நான் நொந்துகொள்ள மாட்டேன். மாலை ஆறு மணிக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் ஊரிலிருந்து வரும் பெண் குழந்தைக்கு அந்த ஷார்ட்கட்டும் எட்டாது என்பதே என்னை வருத்துவது.

இப்போது அவளுக்கும் எட்டுகிற ஒன்று வந்திருக்கிறது. கைப்பேசியில் கேட்ட மாத்திரத்தில் எந்தக் கணக்கையும் வரிவரியாக எழுதிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு. நள்ளிரவிலும் சலியாமல், முகம் சுளிக்காமல், தமிழிலேயே பதில் சொல்லும் அந்தத் துணையை அலட்சியமாகத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. பின்பக்கத்து விடை அச்சுப் பிழைதான் என்று சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்! எனினும் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் மேல்நிலைப் பள்ளி மாணாக்கரிடம் நடத்தி 2024-ல் வெளிவந்த பரிசோதனையைக் கவனிக்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் விடை தரும் யந்திரத்தோடு பயின்றவர்கள், பயிற்சி வேளையில் மற்றவர்களைவிட 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள். யந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே இராதவர்களைவிட 17 சதவீதம் தாழ்ந்துபோனார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் வகுத்தமைத்த யந்திரத்தோடு பயின்றவர்களுக்கு அந்தத் தாழ்வு பெரும்பாலும் நேரவில்லை. யந்திரம் ஒன்றே, கேட்பதும் கொடுப்பதும்தான் வேறு. "இந்தக் கணக்கைப் போட்டுக் கொடு" என்பவளுக்குக் கைடு கிடைக்கிறது. "இதுவரை நான் எழுதியது இது, மூன்றாவது வரியில் நிற்கிறேன், விடையைச் சொல்லாதே" என்பவளுக்கு ஒருவேளை உபாத்தியாயர் கிடைக்கலாம். ஆனால் அப்படிக் கேட்க அவளுக்கு முதலில் யாராவது கற்பித்திருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குப் பல வருஷங்களுக்கு முன், தகப்பனாருக்கு வேலை மாற்றலாகி வேறு ஜில்லாவுக்குப் போன மாணாக்கன் ஒருவன், அங்கே பௌதிக ஆசிரியர் இல்லாத காரணத்தால், வராத கணக்குகளை இன்லண்டு கடிதத்தில் எழுதி எனக்கு அனுப்புவதென்று ஏற்பாடு செய்துகொண்டோம். நின்ற வரி வரையில் முழுவதையும் எழுத வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும், அதற்குமேல் ஏன் போகவில்லை என்பதையும் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. முதல் மாதத்தில் நாலு கடிதங்கள் வந்தன; நான் ஒன்றிரண்டு வரி பதில் எழுதினேன். அடுத்த மாதம் இரண்டு. அதன் பிறகு வந்த ஒரு கடிதத்தில், காந்தப் புலத்தில் திரும்பும் மின்துகள் ஒன்றைப் பற்றிய கணக்கு நீல மசியில் ஆறு வரி எழுதப்பட்டு, இங்கே நின்றுவிட்டேன் சார் என்று முடிந்திருந்தது. அதன்கீழே, மடிக்கும் ஓரத்து இடுக்கில், கறுப்பு மசியில் ஏழாவது வரி தொடங்கி, இடம் போதாமல் பக்கவாட்டில் திரும்பி, முகவரி எழுதும் பக்கத்து விளிம்பு வரை ஓடி, விடையில் போய் நின்றிருந்தது. விடையின் கீழ், "எழுதும்போதே வந்துவிட்டது. கடிதம் வீணாகக் கூடாதென்று அனுப்புகிறேன்" என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தான்.